ஞாயிற்றுக்கிழமை ரேஸ், திங்கட்கிழமை வேலை: கேம்ஷாஃப்ட்டின் கதை

ஒரு பழைய கார் என்ஜினைப் பிரித்து மறுபடி கட்டும்போது பெரும்பாலான பாகங்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் புதியது போட வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தாலும் அப்படியே. கேம்ஷாஃப்ட் மட்டும் வேறு மாதிரி. கம்பெனி கொடுத்ததையே போடலாம், அதைவிடக் கொஞ்சம் பெரியதைப் போடலாம், ரேஸ் காருக்கானதையும் போடலாம். மூன்றும் அதே துளைக்குள் அழகாக உட்காரும். ஆனால் வெளியே வரும் கார் ஒன்றல்ல, மூன்று!

இந்த இடத்தில்தான் பல பேர் தவறு செய்தார்கள். சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் கொட்டி என்ஜினைக் கட்டி முடித்த பிறகு, சிக்னலில் நிற்க முடியாத, மேட்டில் ஏற முடியாத ஒரு காருக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். இது ஏன் நடந்தது, இதிலிருந்து தப்பிக்கும் வழியை மெக்கானிக்குகளும் பொறியாளர்களும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுமார் நூறு வருடக் கதை. அதில் பெரும்பகுதி அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில் நடந்தது.

கேம்ஷாஃப்ட் என்ன செய்கிறது?

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இந்த வால்வுகளைத் திறந்து மூடுவதுதான் கேம்ஷாஃப்ட்டின் வேலை. அது ஒரு நீளமான இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவ மேடுகள் இருக்கும். மேடு சுற்றி வரும்போது வால்வைத் தள்ளித் திறக்கும், கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று.

பிஸ்டன் கீழே இறங்கும் 180 பாகைக்கு மட்டும் இன்டேக் வால்வு திறந்திருந்தால் போதும் என்று தோன்றும். நடைமுறையில் அது போதாது. கூட்டமான பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற வேகத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். கதவைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள். காற்றும் அப்படித்தான். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாய்கிற காற்றுக்கு ஒரு உந்துதல் இருக்கிறது. பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் வால்வைத் தாமதமாக மூடினால் அதிகச் சக்தி கிடைக்கும்.

மதியம் 2 மணிக்கு அதே பஸ்ஸில் தள்ளுவதற்குக் கூட்டமே இல்லை. கதவு திறந்தே கிடந்தால் ஏறியவர்களும் இறங்கிவிடுவார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது நடப்பது இதுதான். மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். கம்ப்ரஷன் குறையும், இழுவை குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகை வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். அதிக வேகத்தில் வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்துவிடும் என்பதால் ஓவர்லாப் நல்லது. ஐடிலிங்கில் நிலைமை நேர்மாறு. புகை இன்டேக் பக்கம் திரும்பிவந்து கலவையைக் கெடுக்கும். ரேஸ் கார்கள் நிற்கும்போது "லப்... லப்... லப்" என்று குலுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, ஒரே கேம் எல்லா வேகத்துக்கும் சரியாக இருக்காது. மேலே ஏற்றினால் கீழே குறையும். கேம்ஷாஃப்ட்டின் வரலாறு முழுக்க இந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

பழைய தண்டில் புதிய மேடு

இந்தக் கதையில் முதலில் வரும் முக்கியமான பெயர் எட் வின்ஃபீல்ட். 1901-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே புகழ்பெற்ற ரேஸ் என்ஜின் நிபுணர் ஹாரி மில்லரின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1920களில் ஃபோர்ட் மாடல் டி என்ஜின்களுக்குத் தன் கையாலேயே கேம்களைத் தேய்த்துக் கொடுத்தார். அவருடைய கார்புரேட்டர்களும் ரேஸ் உலகில் பெயர் பெற்றவை. தொழில் ரகசியத்தை எளிதில் யாருக்கும் சொல்லாத மனிதர்.

அந்தக் காலத்தில் புதிய தண்டை வார்த்துச் செய்வது செலவு பிடித்த காரியம். அதனால் கம்பெனி கேமையே கிரைண்டிங் மெஷினில் ஏற்றி மறுபடி தேய்ப்பார்கள். மேட்டின் உச்சியை விட்டுவிட்டு மற்ற பக்கத்தைத் தேய்த்துக் குறைத்தால், அந்த வித்தியாசத்தில் மேடு உயரமாகிவிடும்! தண்டு மெலிந்து போன இடைவெளியைச் சரிக்கட்ட அட்ஜஸ்ட் செய்யக்கூடிய டாப்பெட்டுகளைப் போடுவார்கள்.

1932-ல் ஃபோர்ட் தன் வி8 என்ஜினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர். சில வருடங்களில் இந்தக் கார்கள் செகண்ட் ஹேண்டாக மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கலிபோர்னிய இளைஞர்கள் விடவில்லை. கூடுதல் பாரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ம்யூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-ல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்த இளைஞர்களில் பலருக்கு இருந்தது ஒரே ஒரு கார்தான். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் படுகையில் முழு வேகத்தில் ஓடிய அதே கார்தான் திங்கட்கிழமை காலை அவர்களை வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய கேம் வேண்டும், திங்கட்கிழமைக்குச் சின்ன கேம் வேண்டும். என்ஜினுக்குள் இடம் ஒன்றுக்குத்தான்!

முக்கால் ரேஸ்!

வியாபாரிகள் இதற்குப் பெயர்களால் பதில் சொன்னார்கள். "செமி ரேஸ்", "முக்கால் ரேஸ்", "ஃபுல் ரேஸ்" என்று மூன்று வகை. நம் ஊர் சாப்பாட்டுக் கடையில் அரை பிளேட், முழு பிளேட் என்பது மாதிரி. ஆனால் முக்கால் என்றால் எதில் முக்கால்? இதற்கு எந்த வரையறையும் இல்லை. ஒரு பட்டறையின் முக்கால், பக்கத்துப் பட்டறையின் ஃபுல்லாக இருக்கலாம். இருந்தாலும் அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருந்தது. "முழு ரேஸ் கேம் உன் தெருவுக்கு ஆகாது தம்பி" என்பதை அது சுருக்கமாகச் சொல்லிவிட்டது.

எட் இஸ்கெண்டெரியன் 1921-ல் கலிபோர்னியாவில் ஒரு ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது வின்ஃபீல்டின் பட்டறைக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்துவிட்டுத் திரும்பியதும் தன் மாடல் டி காருக்கு ஒரு கேம் வாங்க நினைத்தார். போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் எல்லாருமே கார் கட்டிக்கொண்டிருந்த நேரம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் இது நல்ல தொழிலாயிற்றே என்று அவருக்குத் தோன்றியது. பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, கேம் தேய்க்கும்படி மாற்றி அமைத்து, 1946-ல் தொழிலைத் தொடங்கினார். இஸ்கி கேம்ஸ் பிறந்த கதை இதுதான். 1963-ல் கார் உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து சேமா என்ற சங்கத்தைத் தொடங்கியபோது அவரே முதல் தலைவர்.

அதே காலத்தில் பெயர் பெற்ற இன்னொருவர் க்ளே ஸ்மித். 1952-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ட்ராய் ரட்மன் வென்ற காரின் தலைமை மெக்கானிக் அவர்தான். 1954-ல் ஒரு பந்தயத்தில் பிட் பகுதியில் நடந்த விபத்தில் இறந்துபோனார்.

போட்டி கூடக்கூட விளம்பரமும் கூடியது. யாருடைய கேம் பெரியது என்பதே பேச்சாகிவிட்டது. தெருவில் கார் ஓட்டும் பையனும் ரேஸில் ஜெயித்தவர் போட்ட அதே கேமைக் கேட்டான். திங்கட்கிழமை எல்லாருக்கும் மறந்துபோனது.

டன்டோவ் செய்த வேலை

பட்டறைக்காரர்களின் கைக்குள் இருந்த இந்த வித்தை கார் கம்பெனிக்குள் நுழைந்தது 1950களில்தான். சோரா ஆர்கஸ்-டன்டோவ் 1909-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தம்பியுடன் சேர்ந்து ஃபோர்ட் வி8-க்கு ஆர்டன் என்ற புதிய சிலிண்டர் ஹெட்டைச் செய்தவர். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1955-ல் செவர்லே நிறுவனம் 265 கன அங்குல வி8-ஐக் கொண்டுவந்தபோது, அதை வைத்துக் கார்வெட் காரை மணிக்கு 150 மைல் ஓட்டிக் காட்ட முடியும் என்றார்.

அதற்காக அவர் வடிவமைத்த கேம், வால்வை மிக உயரமாகத் தூக்கும் ரகம் அல்ல. வால்வை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், அதிவேகத்திலும் வால்வு மேட்டின் பிடியை விட்டு எகிறக் கூடாது. இந்த இரண்டில்தான் அவர் கவனம் வைத்தார். வால்வு எகிறினால் என்ஜின் அதற்கு மேல் சுற்றாது, சில நேரம் பிஸ்டனில் இடித்துவிடும். 1955-56 குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரையில் சோதனைக் கார் 150 மைலைத் தாண்டியது. அந்தக் கேம் 1956-ல் கார்வெட்டுக்கான விருப்பத் தேர்வாக விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே அதே வகைக் கேமுடனும் பெட்ரோல் இன்ஜெக்ஷனுடனும் 283 கன அங்குல என்ஜின் 283 குதிரைத்திறன் தந்தது. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன்!

ஒரே வருடம், இரண்டு கேம்

தெருக் காருக்குக் கேம் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு மிகச் சிறந்த பாடம் 1965 கார்வெட்தான். அந்த வருடம் 327 கன அங்குல என்ஜினில், நாலு பேரல் கார்புரேட்டருடன் இரண்டு வலுவான வகைகள் கிடைத்தன. இரண்டிலும் கம்ப்ரஷன் 11:1. மற்றபடியும் கிட்டத்தட்ட ஒரே என்ஜின்தான். பெரிய வித்தியாசம் கேமிலும் அதன் மேல் உட்காரும் லிஃப்டரிலும்.

முதல் வகையில் "30-30" என்ற கேம். அதுவும் டன்டோவ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். டாப்பெட் இடைவெளி 0.030 அங்குலம் வைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். சாலிட் லிஃப்டர், எனவே அடிக்கடி டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். 6200 ஆர்.பி.எம்.மில் 365 குதிரைத்திறன். டார்க் எனப்படும் முறுக்குவிசை 4000 ஆர்.பி.எம்.மில் 350 பவுண்டு-அடி.

இரண்டாவது வகை எல்79. எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர். 5800 ஆர்.பி.எம்.மில் 350 குதிரைத்திறன். முறுக்குவிசை 3600 ஆர்.பி.எம்.மில் 360 பவுண்டு-அடி.

விளம்பரத்தைப் படிப்பவர் 365-ஐத்தான் கேட்பார். ஆனால் கணக்கைப் பாருங்கள். சின்ன கேம் விட்டுக்கொடுத்தது 15 குதிரைத்திறன். அதற்குப் பதிலாகக் கொடுத்தது 10 பவுண்டு-அடி கூடுதல் இழுவை, அதுவும் 400 ஆர்.பி.எம். முன்பாகவே. தெருவில் ஒரு கார் 6200 ஆர்.பி.எம்.மில் எத்தனை நிமிடம் ஓடும்? 3000-லிருந்து 4000 வரை எத்தனை மணி நேரம் ஓடும்? டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் தொல்லையும் இல்லை. எல்79 செவெல், நோவா கார்களிலும் வந்தது. பில் ஜென்கின்ஸ் என்ற டிராக் ரேஸ் வீரர் 1966-ல் தன் எல்79 நோவாவை வைத்தே களத்தில் பெயர் வாங்கினார். 30-30 கேமும் வீணானது அல்ல. 1967-ல் கமாரோ இசட்/28-ல், அதிவேகமாகச் சுற்றும் 302 கன அங்குல என்ஜினில் அது தன் இடத்தைக் கண்டுகொண்டது. கேமில் தப்பில்லை, பொருத்தத்தில்தான் தப்பு.

எந்த எண்ணை நம்புவது?

சரி, கடையில் கேம் வாங்குபவர் எதைப் பார்த்து ஒப்பிடுவது? வால்வு எத்தனை பாகை திறந்திருக்கிறது என்ற எண்ணுக்கு ட்யூரேஷன் என்று பெயர். ஆனால் வால்வு "திறந்தது" என்று எப்போது சொல்வது? ஒருவர் லிஃப்டர் 0.004 அங்குலம் உயர்ந்ததும் எண்ணத் தொடங்கினார், ஒருவர் 0.006-ல், இன்னொருவர் 0.020-ல். மேடு தொடங்கும் இடம் மெல்லச் சரிவாக இருப்பதால் இந்தச் சின்ன வித்தியாசமே எண்ணைப் பல பாகைகள் மாற்றிவிடும். ஒரு கம்பெனியின் 280, இன்னொரு கம்பெனியின் 280-ஆக இல்லை. முக்கால் ரேஸ் குழப்பமே எண் வடிவத்தில் திரும்பி வந்தது!

இதற்குக் கிடைத்த தீர்வு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. லிஃப்டர் அந்த உயரத்தைத் தொட்டதிலிருந்து திரும்ப அந்த உயரத்துக்கு இறங்கும் வரை மட்டும் எண்ணுவது. 1953-ல் ஃப்ளோரிடாவில் க்ரேன் கேம்ஸைத் தொடங்கிய ஹார்வி க்ரேனின் பெயர் இந்த வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இந்த அளவில் எல்79 கேம் 222 பாகை, 30-30 கேம் 254 பாகை. இரண்டும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது இப்போது பளிச்சென்று தெரிகிறது அல்லவா?

கூடவே லோப் செபரேஷன் என்ற எண்ணும் பேசப்பட்டது. இன்டேக் மேட்டின் உச்சிக்கும் புகை மேட்டின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம். அது அகலமானால் ஓவர்லாப் குறையும், ஐடிலிங் அமைதியாகும். குறுகினால் நடு வேகத்தில் இழுவை கூடும், ஐடிலிங் குலுங்கும்.

1970களின் பாடம்

1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகத் தன் என்ஜின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. செவர்லேயின் எல்டி-1 என்ஜின் 11:1-லிருந்து 9:1-க்கு இறங்கியது. சாதாரண 350 கன அங்குல என்ஜின்கள் இன்னும் கீழே, 8.5 அளவில். 1975 முதல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்துகொண்டது. சக்தி குறைந்துபோன இந்தக் கார்களைக் கையில் வைத்திருந்தவர்கள் இழந்ததைத் திரும்பப் பெற 1960களின் பெரிய கேம்களைத் தேடினார்கள்.

விளைவு மோசம். பெரிய கேம் குறைந்த வேகத்தில் கம்ப்ரஷனைக் கசியவிடும் என்பது மேலே பஸ் உதாரணத்தில் பார்த்ததுதான். 11:1 இருக்கும் என்ஜின் அந்த இழப்பைத் தாங்கும். 8.5 இருக்கும் என்ஜினில் கசிந்தால் மிஞ்சுவது என்ன? ஐடிலிங்கில் வேக்யூம் குறைந்துபோனதால் பவர் பிரேக் கூடச் சரியாகப் பிடிக்காது. சத்தம் மட்டும் ரேஸ் கார் மாதிரி இருக்கும். பக்கத்தில் அமைதியாக நிற்கும் கம்பெனி கார் சிக்னலில் முந்திக்கொண்டு போகும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கேட்லாக்குகளின் மொழி மாறியது. "எவ்வளவு குதிரைத்திறன்?" என்ற கேள்விக்கு முன்பாக வேறு கேள்விகள் வந்தன. கம்ப்ரஷன் எவ்வளவு? வண்டி எடை என்ன? பின் ஆக்ஸில் விகிதம் என்ன? கியர் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? நெடுஞ்சாலையில் ஓட்டும்போது எத்தனை ஆர்.பி.எம்.? 350 கன அங்குல செவர்லேயைத் தெருவில் ஓட்ட 0.050 அளவில் 210-லிருந்து 225 பாகை வரை போதும், 230-ஐத் தாண்டினால் கம்ப்ரஷனும் ஆக்ஸிலும் சேர்ந்து மாற வேண்டும் என்பது பட்டறைகளில் பொதுவான கணக்கானது. இரண்டு கேம்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சின்னதை எடு என்பது பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

இருபது நிமிட ஆபத்து

சரியான கேமை எடுத்தாலும் இன்னொரு கண்டம் இருந்தது. பழைய வகைத் தட்டை லிஃப்டர் கேம் மேட்டின் மேல் உரசிக்கொண்டே ஓடும். மேடு மிக லேசாகச் சாய்வாகவும், லிஃப்டரின் அடி மிக லேசாகக் குவிந்தும் இருப்பதால் லிஃப்டர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சுற்றவில்லை என்றால் மேடு தேய்ந்து மழுங்கிவிடும். அதனால் புது கேம் போட்ட என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் விடக் கூடாது. சுமார் 20 நிமிடம் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓட்டினால்தான் கேமின் மேல் போதுமான எண்ணெய் தெறிக்கும், இரண்டு உலோகங்களும் பழகிக்கொள்ளும்.

இந்த உரசலைத் தாங்க உதவியது என்ஜின் ஆயிலில் இருந்த துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம். ஆனால் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் ஆயில் தரவிதிகள் அதைப் படிப்படியாகக் குறைத்தன. 2004-ல் வந்த எஸ்எம் தரத்தில் புழக்கத்தில் உள்ள மெல்லிய ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் என்று வரம்பு வந்தது. புதிய கார்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. பழைய என்ஜினைக் கட்டியவர்களில் பலருக்கோ முதல் நாளிலேயே கேம் போனது. தேய்ந்த இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து பேரிங் வரை போய்விடும். மாதக்கணக்கான உழைப்பு அரை மணி நேரத்தில் வீண். பிரேக்-இன் ஆயில் என்று தனியாக விற்பனைக்கு வந்ததன் பின்னணி இதுதான்.

புதிய கார்கள் தப்பித்ததற்குக் காரணம் ரோலர் லிஃப்டர். அடியில் ஒரு சின்னச் சக்கரம், உரசலுக்குப் பதில் உருளல். ஃபோர்ட் மஸ்டாங்கின் 5 லிட்டர் என்ஜினில் 1985-லும், செவர்லேயின் சிறிய வி8-ல் 1987-லும் இது வந்தது. உருள்வதால் மேட்டைச் செங்குத்தாக அமைக்கலாம். வால்வு சட்டென்று திறந்து சட்டென்று மூடும். அதிக நேரம் திறந்து வைக்காமலே அதிகக் காற்றை உள்ளே விடலாம்.

ஞாயிறும் திங்களும் சேர்ந்தன

ஒரே கேம் இரண்டு வேலையையும் செய்யாது என்றால் இரண்டு கேம் வைத்தால் என்ன? 1989-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் இன்டெக்ரா காரில் அதைத்தான் செய்தது. விடெக் என்று பெயர். ஒரே தண்டில் குறைந்த வேகத்துக்கு ஒரு மேடு, அதிக வேகத்துக்கு ஒரு மேடு. எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஒரு சின்ன ஊசி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும். 1.6 லிட்டர் என்ஜினில் 160 குதிரைத்திறன், அதே சமயம் சந்தைக்குப் போய்வரவும் சாதுவான கார். ஏரிப் படுகை இளைஞர்கள் கேட்ட ஞாயிறும் திங்களும் கடைசியில் ஒரே தண்டில் உட்கார்ந்தன.

ஆனால் பழைய வி8-ஐக் கட்டுபவருக்கு இன்றும் துளை ஒன்றுதான், தண்டு ஒன்றுதான். அவருக்கு வின்ஃபீல்ட் காலத்துக் கேள்வி அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது, அந்தக் கேள்வியைக் கேட்கும் விதம். "எவ்வளவு பெரிய கேம்?" என்று கேட்டவர்கள் ஏமாந்தார்கள். "இந்தக் கார் வாரத்தில் எத்தனை நாள் ரேஸ் ஓடப்போகிறது, எத்தனை நாள் வேலைக்குப் போகப்போகிறது?" என்று முதலில் கேட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். பெரும்பாலானவர்களின் வாரத்தில் திங்கட்கிழமைகள்தான் அதிகம்.